முதலில் பேசியவர்

செவ்வாய்க்கிழமைத் தபாலில் கனத்த உறை ஒன்று வந்தது. வெலெத்மா காலாட்படைப் பிரிவின் நூற்றாண்டு வரலாறு, அச்சேறுவதற்கு முந்தைய தாள்களாக உள்ளே இருந்தது. "கராதாஷ் போர் பற்றிய பகுதியை மேதகு தளபதி அவர்கள் பார்வையிட்டு, ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பக் கோருகிறோம்" என்று மேலே ஒரு சீட்டு. சீட்டில் இருந்த கையெழுத்து மகன் கிரிலுடையது. அந்தப் படைப்பிரிவுக்கு இப்போது அவன்தான் தலைவன். தகப்பனுக்கு எழுதும்போதும் அலுவல் மொழியை விட்டு இறங்கமாட்டான். அப்படித்தான் அவனை வளர்த்திருந்தார்.

நிகானோர் லிவோவிச் தெமியானவுக்கு எழுபத்து நான்கு வயது. துருக்கிப் போரில் படை நடத்தியவர். பிறகு ஒன்பது ஆண்டுகள் எல்லை மாகாணம் ஒன்றை ஆண்டார். பதினோரு ஆண்டுகள் பேரரசின் ஆலோசனை சபையில் உட்கார்ந்திருந்தார். பதவிகள் எல்லாம் போய், யாகோத்னோயே பண்ணை வீட்டுக்கு வந்து நான்காண்டுகள் ஆகின்றன. இன்றும் நாற்காலியின் சாய்மானம் அவர் முதுகைத் தொட்டதில்லை.

தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"தளபதியின் கூடாரத்தில் கூடிய போர் ஆலோசனையில், விதிப்படி, இளையவரான உதவிக் கேப்டன் கொலோமின் முதலில் கருத்துரைத்தார். பீரங்கிகள் வந்துசேரும்வரை காத்திராமல் விடியற்காலையில் கராதாஷ் குன்றைத் தாக்க வேண்டும் என்றார். ஏனைய நால்வரும் அதையே வழிமொழிந்தனர். தளபதி தெமியானவ் தம் அதிகாரிகளின் ஒருமித்த கருத்துக்கு இணங்கினார். அன்றைய தாக்குதலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் மடிந்தனர். மறுநாள் பீரங்கிகள் வந்தபின் தளபதி நேரில் முன்னின்று குன்றைக் கைப்பற்றினார்."

ஆவணத்தில் உள்ளதைத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு சொல் கூடக் குறையவில்லை.

சொஃப்ரோன் உள்ளே வந்து மேசை ஓரத்தில் நின்றான். போர்க்களத்தில் அவருடைய பணியாளாக இருந்தவன். அன்றிலிருந்து கூடவே இருக்கிறான். இருவருக்கும் சேர்த்து இப்போது நல்ல காது மூன்றுதான். நிகானோர் லிவோவிச்சின் இடது காதை கராதாஷ் கணவாயின் பனி தின்றுவிட்டது.

"என்ன எசமான், தாளையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. முட்டைக்கோஸ் சூப்பு ஆறிப்போய்க் கிடக்கு."

"கராதாஷ் பத்தி எழுதியிருக்காங்க."

"நம்ம ஆளுங்க பேரெல்லாம் இருக்கா?"

"எண்ணிக்கை இருக்கு."

"எண்ணிக்கை எனக்கே தெரியுமே. குழி தோண்டினவன்ல நானும் ஒருத்தன்." கரண்டியை முழங்கையில் துடைத்தான். "வேற என்ன போட்டிருக்கு?"

"கொலோமின்தான் முதல்ல பேசினாருன்னு."

சொஃப்ரோன் கரண்டியைத் தட்டின் பக்கத்தில் நேராக வைத்தான். பிறகு இன்னும் நேராக வைத்தான்.

"அன்னைக்குக் கூடாரத்துல டீ ஊத்திக்கிட்டு நின்னது யாருங்க? நான்தானே?"

"வாயை மூடு."

"மூடிக்கிட்டுத்தானே முப்பது வருஷமா இருக்கேன். உள்ள இருந்த பல்லெல்லாம் கூடப் போயிடுச்சு, இனிமே எதைக் காக்கிறதுக்கு மூடுறதுன்னுதான் தெரியல."

அவர் மறுபடி தாளைக் கையில் எடுத்தார். சூப்பைத் தொடவில்லை.

ரஷ்யப் படையில் அது பழைய விதி. போர் ஆலோசனையில் வயதிலும் பதவியிலும் இளையவர்தான் முதலில் பேசவேண்டும். படிப்படியாக மேலே வந்து, தளபதி கடைசியில் பேசவேண்டும். பெரியவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துவிட்டால் சின்னவருக்கு நாக்கு எழாது. அதற்காக ஏற்பட்ட விதி.

அன்று பிற்பகல் தலைமையகத்திலிருந்து தந்தி வந்திருந்தது. பக்கத்துக் கணவாயை வேறொரு தளபதி பிடித்துவிட்டார் என்று செய்தி. நிகானோர் லிவோவிச்சுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. மூன்று தலைமுறையாகத் தெமியானவ் குடும்பத்தில் யாரும் இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்ததில்லை. ஐந்து அதிகாரிகளும் உட்காருவதற்கு முன்பே அவர் எழுந்து நின்று சொன்னார்: "நாளைக்கு விடியறப்போ குன்றை எடுக்கிறோம். பயப்படறவங்க இப்பவே சொல்லலாம்." சொல்லிவிட்டு மேசையின் கடைக்கோடியைப் பார்த்தார். "விதிப்படி இளையவர் முதல்ல. சொல்லுங்க, கொலோமின்."

கொலோமினுக்கு இருபத்தாறு வயது. அன்று காலைதான் குன்றின் அடிவாரம் வரை தவழ்ந்து போய்த் திரும்பியிருந்தான். கையில் பென்சிலால் வரைந்த படம் ஒன்று இருந்தது. அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "தாக்கலாம்" என்றான். அந்த ஒரு சொல்தான்.

குறிப்பேட்டில் கொலோமினிடமிருந்து தொடங்கி எழுதினார்கள். தளபதி முதலில் சொன்னது கருத்து அல்ல, முன்னுரை என்றார் எழுதிய உதவியாளர். 'பீரங்கிகள் வந்துசேரும்வரை காத்திராமல்' என்ற சொற்களைச் சுத்தப் படி எடுக்கும்போது அவரே சேர்த்துக்கொண்டார். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். கொலோமினும் இட்டான். பிறகு, இத்தனை பேர் ஏன் செத்தார்கள் என்று மேலிடம் கேட்டபோது, நிகானோர் லிவோவிச் விளக்கம் எதுவும் எழுதவில்லை. அந்தக் குறிப்பேட்டை மட்டும் இணைத்து அனுப்பினார்.

பொய்யாக ஒரு சொல்லும் தன் கையால் எழுதவில்லை என்று முப்பது ஆண்டுகளாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

வியாழக்கிழமை காலை, வாடகை வண்டி ஒன்று சேற்றில் தடுமாறி வந்து வாசலில் நின்றது. ரயில்வே மேலங்கி போட்ட ஒரு மனிதர் இறங்கி, காலணியைப் புல்லில் துடைத்தார்.

"கொலோமின் வந்திருக்காரு" என்றான் சொஃப்ரோன்.

லூக்கா ஃபோமிச் கொலோமின் நாற்பது கல் தொலைவில் உள்ள ஒரு சின்ன ரயில் நிலையத்தின் அதிகாரி. போர் முடிந்து இரண்டாண்டில் படையை விட்டார். கராதாஷுக்குப் பின் படையில் யாரும் அவரோடு ஒரே மேசையில் உணவருந்தவில்லை. நிகானோர் லிவோவிச் அவரை அதற்குப் பின் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். மாகாணத்துக்குத் தனிப்பெட்டியில் பயணம் போகும்போது, நடைமேடையில் சிவப்புத் தொப்பியோடு விறைத்து நின்றிருந்தார் கொலோமின். நிகானோர் லிவோவிச் சன்னல் திரையை இறக்கிவிட்டார்.

"உக்காருங்க, லூக்கா ஃபோமிச்."

"நிக்கிறேன். நாலரை மணி வண்டிக்கு நான் ஸ்டேஷன்ல இருக்கணும்."

"டீயாவது?"

"வேண்டாங்க. உங்க டீயை அன்னைக்குக் கூடாரத்துல ஒரு தடவை குடிச்சிருக்கேன்."

தேநீர் கொதிக்கும் சமோவாரைத் தூக்கி வந்த சொஃப்ரோன் அப்படியே திரும்பிப் போனான்.

"என் பொண்ணு அக்னியா" என்று தொடங்கினார் கொலோமின். "பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. உங்க மகனோட பிரிவுல லெப்டினன்ட் எலாகின்னு ஒரு பையன், அவளைக் கட்டிக்கிறேங்கிறான். மத்த இடமா இருந்தா பாதிரியார்கிட்ட போனாப் போதும். ஆனா அதிகாரிங்க கல்யாணத்துக்கு அதிகாரிங்க சபை ஒத்துக்கணும், பொண்ணு அந்தப் படைக்குத் தகுந்தவளான்னு. உங்களுக்குத் தெரியாததா. சனிக்கிழமை மத்தியானம் சபை கூடுது."

"பொண்ணு மேல குறை ஏதும் சொல்ல முடியாதே?"

"அவ மேல ஒண்ணும் இல்ல. அப்பன் மேலதான். நானூத்துப் பன்னெண்டு பேரைக் கொன்னவன் பொண்ணு நம்ம பந்தியில உக்காரக் கூடாதுன்னு பேசிக்கிறாங்களாம். எலாகின் வந்து அழுதான். அவளுக்கு இருபத்தெட்டு வயசு ஆச்சுங்க. இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் இதே பேரைக் கேட்டுட்டுத்தான் திரும்பிப் போனாங்க."

"நான் கிரிலுக்கு எழுதறேன். பொண்ணு நல்ல குடும்பம், எனக்குத் தெரிஞ்சவங்கன்னு எழுதறேன். அவன் தட்டமாட்டான்."

கொலோமின் அவரை நேராகப் பார்த்தார். இவ்வளவு நேரமும் பார்வை மேசைமேல் இருந்தது.

"சிபாரிசா?"

"வேற என்ன எழுதணும்?"

"போன வாரம் என் பொண்ணு கேட்டா, 'அப்பா, நீங்கதான் சொன்னீங்களா'ன்னு. இந்த முப்பது வருஷத்துல என்கிட்ட யாரும் அதைக் கேட்டதில்ல, எம் பொஞ்சாதி கூட. தெரிஞ்சதாவே நெனச்சுக்கிட்டு செத்துப்போனா. நான் என்ன சொல்லட்டும்? சொன்னேன்னு சொன்னேன். அது நிஜம்தானே. படத்தைப் பையில வச்சது நான்தானே. குன்றைச் சுத்தி இருந்த அகழி எவ்வளவு ஆழம்னு எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். பயந்தவன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன். அந்தப் பங்கு என்னுது. அதை யாருக்கும் தரமாட்டேன்." தொப்பியைக் கையில் எடுத்தார். "உங்க பங்கு எங்கே இருக்குன்னு கேட்கத்தான் வந்தேன்."

நிகானோர் லிவோவிச்சின் கை மேசைமேலிருந்த தாளின் மீது இருந்தது. எடுக்கவில்லை.

"நீங்க ஏன் அப்பவே சொல்லல?"

"கையெழுத்துப் போட்டுட்டேனே. அதிகாரியோட கையெழுத்து." கொலோமின் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "இப்போ நான் ரயில்வேக்காரன். அதனால கேட்கிறேன்."

வண்டி போன சத்தம் மறைந்த பிறகு சொஃப்ரோன் எட்டிப் பார்த்தான்.

"என் சீருடையை எடுத்து வை" என்றார் அவர்.

"எதை? சபைக்குப் போட்டதையா, சண்டையில போட்டதையா?"

"படைப்பிரிவோடது."

"அது இடுப்புல ஏறாது, எசமான்."

"ஏறும்."

*

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் படைப்பிரிவுத் தலைவனின் அறையில் தகப்பனும் மகனும் எதிரெதிரே நின்றார்கள். உள்ளே வந்தவுடன் கிரில், வழக்கம்போலக் குனிந்து தகப்பனின் கையை முத்தமிட்டிருந்தான். அந்தக் குடும்பத்தில் ஐம்பது வயதிலும் அது தவறாது. இப்போது திருத்தப்பட்ட தாளைக் கையில் வைத்து இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தான்.

"இதை யாரு கேட்டா, அப்பா?"

"யாரும் கேட்கல. நீதான் பாத்து அனுப்பச் சொன்னே."

"எழுத்துப் பிழை பாக்கச் சொன்னேன்." குரலை உயர்த்தவில்லை. தெமியானவ் வீட்டில் யாரும் உயர்த்தியதில்லை. "கூடத்துல உங்க படம் தொங்குது. கராதாஷுக்குப் பரிசாக் கிடைச்ச தங்க வாளோட. புதுசா வர்ற ஒவ்வொரு சின்ன அதிகாரியையும் அதுக்கு முன்னாடி நிக்க வச்சுத்தான் நான் உறுதிமொழி வாங்கறேன். என் பசங்க ரெண்டு பேரும் உங்க பேரைச் சொல்லித்தான் அரண்மனைப் பள்ளியில சேர்ந்தாங்க. நாடு இருக்கிற இருப்புல, தளபதிங்க எல்லாரும் பொய்யருன்னு தெருவுல கூவிக்கிட்டுத் திரியறாங்க. அவங்க கையில நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறதா?"

"நம்ம குடும்பப் பேரு எனக்குத் தெரியாதா, கிரில்? அதுக்காகத்தான் அன்னைக்கு முந்திக்கிட்டேன்."

"செத்தவங்க எழுந்து வரப்போறதில்லையே."

"அவ உயிரோட இருக்கா. இருபத்தெட்டு வயசு."

மகன் சன்னலுக்குப் போனான். வெளியே படைவீரர்கள் சேற்றில் அணி திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"சரி. நீங்க சபையோட மூத்த கௌரவ உறுப்பினர். பேச உரிமை இருக்கு. விதிப்படி கடைசியில பேசுங்க. எல்லாரும் சொல்லி முடிச்சப்புறம். எனக்கும் பின்னாடி."

அதில் இருந்த சாமர்த்தியத்தை நிகானோர் லிவோவிச் உடனே புரிந்துகொண்டார். கடைசியில் பேசினால் வாக்குகள் எல்லாம் அதற்குள் பதிவாகியிருக்கும். பெண்ணுக்கு மறுப்பு உறுதியாகியிருக்கும். கிழவன் ஒருவன் ஏதோ சொன்னான் என்று குறிப்பேடு மூடப்படும். விதியும் கெடாது. பதினோரு ஆண்டுகள் ஆலோசனை சபையில் அவரே இப்படி எத்தனையோ பேரை வாயடைத்திருக்கிறார். மகன் அதை அவரிடமிருந்துதான் கற்றிருந்தான்.

"பாக்கலாம்" என்றார்.

*

நீண்ட மேசை. இருபத்து மூன்று அதிகாரிகள். தலைமாட்டில் கிரில். அவனுக்கு வலப்பக்கம் தகப்பனுக்கென்று உயர்ந்த நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் நாற்பத்தைந்து வயது நிகானோர் லிவோவிச், வாளின் பிடியில் கைவைத்து, எல்லோருடைய தலைக்கும் மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எலாகின் அறையில் இல்லை. தன் வழக்கில் தான் உட்காரக்கூடாது என்பது முறை.

அவர் உயர்ந்த நாற்காலிக்குப் போகவில்லை. மேசையின் முழு நீளமும் நடந்து கடைக்கோடிக்குப் போனார். அங்கே மீசை சரியாக முளைக்காத கடைநிலை அதிகாரி ஒருவன் துள்ளி எழுந்து நின்றான்.

"உங்க பேரு?"

"ஸவேலியேவ், மேதகு ஐயா."

"உங்க இடத்தைக் கொஞ்ச நேரம் எனக்குக் கொடுங்க, ஸவேலியேவ்."

"மேதகு ஐயா" என்றான் கிரில் தலைமாட்டிலிருந்து. சபையில் அப்பா என்று அழைக்கமாட்டான். "அது இளையவரோட இடம். முதல்ல பேசற இடம்."

"தெரிஞ்சுதான் உக்காரறேன். எனக்கு இங்க வாக்கு வேண்டாம். ஒரு உண்மை சொல்லணும். அது தெரியாம இவங்க வாக்குப் போட்டா தப்பாப் போயிடும்."

உட்கார்ந்தார். அந்த நாற்காலி தாழ்வாக இருந்தது. அங்கிருந்து பார்க்கும்போது தலைமாட்டு நாற்காலி எவ்வளவு தூரம் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சீருடை இடுப்பைப் பிடித்தது.

"கராதாஷ் ஆலோசனையில முதல்ல பேசினவன் நான்" என்றார். "இளையவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, தாக்கறோம்னு சொன்னேன். பயப்படறவங்க சொல்லலாம்னும் சொன்னேன். அதுக்கப்புறம் கொலோமின்கிட்ட கருத்துக் கேட்டேன். அவர் கையில குன்றோட படம் இருந்தது. என் வார்த்தையைக் கேட்டதும் அதைப் பையில வச்சுக்கிட்டார். குறிப்பேட்டுல என் பேச்சு இல்ல. செத்தவங்களுக்கு மேலிடம் கணக்குக் கேட்டப்போ அந்தக் குறிப்பேட்டை அனுப்பினேன். அது என்ன வேலை செய்யும்னு தெரிஞ்சே அனுப்பினேன்."

எழுதிக்கொண்டிருந்த உதவியாளரின் பேனா நின்றிருந்தது.

"அந்த நானூத்துப் பன்னெண்டு பேரும் என் பேருல இருக்கணும். கொலோமின் வீட்டுப் பொண்ணு பேருல இல்ல."

எழுந்தார். நாற்காலியை ஸவேலியேவ் பக்கம் தள்ளிவிட்டார்.

"இப்போ நான் வெளியே போறேன். நான் இருந்தா நீங்க பேசமாட்டீங்க. கூடாரத்துல செய்யத் தவறினது இதுதான்."

கூடத்துக் கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தில் பெஞ்சில் சொஃப்ரோன் உட்கார்ந்திருந்தான். அவர் நின்றே இருந்தார். உள்ளே ஒரு மெல்லிய குரல், பிறகு கொஞ்சம் தடித்தது, பிறகு இன்னொன்று. நல்ல காதைக் கதவுப் பக்கம் திருப்பினால் கேட்டிருக்கும். திருப்பவில்லை.

"முடிஞ்சா வீட்டுக்குப் போயி அந்தப் பெல்ட்டைக் கழட்டலாம், எசமான். முகம் செவந்துபோச்சு."

"பேசாம இரு."

அரை மணி நேரம் கழித்துக் கிரில் வந்தான். கையில் குறிப்பேடு.

"அனுமதி கொடுத்தாச்சு. பதிமூணு, பத்து."

"பத்துப் பேரா?"

"ஸவேலியேவ் முதல்ல சொன்னான். அனுமதிக்கணும்னு." கிரில் தகப்பனின் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினான். "நீங்க எதுக்கு வந்தீங்களோ அது கிடைச்சாச்சு. நீங்க சொன்னது வாக்கு இல்ல. சாட்சியத்தைப் பதிவு பண்ணணும்னு விதியில இல்ல. இந்த அறையோட விட்டுடலாம். புத்தகம் பழையபடியே போகட்டும்."

"இதுவும் முன்னுரையா?"

கிரிலுக்குப் புரியவில்லை. நிகானோர் லிவோவிச் விளக்கவும் இல்லை. குறிப்பேட்டை வாங்கித் திறந்தார். முதல் வரியில் ஸவேலியேவின் பெயர் இருந்தது. தாழ்வார மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அந்த வரிக்கு மேலே இருந்த இடுக்கான வெற்றிடத்தில், தான் பேசியதை நான்கு வரியில் எழுதினார். கீழே கையெழுத்திட்டார். மேலங்கியின் உள்ளிருந்து இன்னொரு படி எடுத்து நீட்டினார். திருத்திய பக்கத்தைத் தானே மூன்று முறை எழுதியிருந்தார்.

"அச்சகத்துக்கு நான் நேத்தே அனுப்பிட்டேன், கிரில். இது உன்னோட கோப்புக்கு."

மகன் அதை வாங்கிக்கொண்டான். அவர் கையைச் சற்று முன்னே வைத்திருந்தார், பழக்கத்தில். கிரில் குதிகாலைச் சேர்த்து, விறைப்பாக வணக்கம் வைத்து, திரும்பிக் கூடத்துக்குள் போனான்.

சொஃப்ரோன் தொப்பியைத் தேடுவதாகப் பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டான்.

*

மூன்று மணி வண்டி கொலோமினின் நிலையத்தில் நான்கு நிமிடம் நிற்கும். லேசாக மழை பெய்துகொண்டிருந்தது. செய்தி தந்தியில் முன்பே வந்திருக்க வேண்டும். நடைமேடையின் மறுகோடியில் ஓர் இளம் பெண் தலைக்குட்டையோடு நின்று வண்டிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொலோமின் தன் இடத்தில், சிவப்புத் தொப்பியோடு, நேராக நின்றிருந்தார்.

நிகானோர் லிவோவிச் சன்னல் திரையை முழுவதும் மேலே ஏற்றினார். வண்டி புறப்படுவதற்கான இரண்டாம் மணி அடித்தது. பெட்டிக்குள்ளேயே எழுந்து நின்றார். படையில் சின்னவர்தான் முதலில் வணங்க வேண்டும். நிகானோர் லிவோவிச் தானே முந்திக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

கொலோமின் பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகமில்லை. கண்ணாடிக்கு அப்பால் மூன்றடி தூரம்தான். அவர் கை உயரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், மணியடிப்பவனுக்குத் தலையை அசைத்தார், மூன்றாம் மணி அடித்தது.

வண்டி நகர்ந்தது. நிகானோர் லிவோவிச் கையை இறக்கவில்லை. நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி, கரிமேடு, கடைசியாகச் சைகைக் கம்பம் எல்லாம் போய், ஈர வயல்கள் வந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க, எசமான்" என்றான் சொஃப்ரோன். "விழுந்துடப் போறீங்க."